நிற்கும் காரில் தலை தெரிகிறதா?

2018-ஆம் வருடம், ஆகஸ்ட் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. காலை எட்டு மணி இருக்கும். சாலிகிராமத்தில் எங்கள் தெருமுனைக் கடையில் இட்லி மாவு வாங்குவதற்காகக் காரை இடதுபக்கம் ஓரங்கட்டினேன். இன்ஜினை அணைத்தது, சீட் பெல்ட்டைக் கழற்றியது, கதவைத் திறந்தது மூன்றும் ஒரே மூச்சில் நடந்தன. கதவு பாதி திறந்திருக்கும்போது டமாரென்று ஒரு சத்தம். யாரோ பிடுங்குவதுபோல் கதவு என் கையை விட்டுப் போய் முன்பக்கமாக மடங்கியது. தண்ணீர் கேன் ஒன்று காருக்கு முன்னால் உருண்டு போனதைப் பார்த்தேன். ஆளைப் பார்த்தது அதற்குப் பிறகுதான்.

டி.வி.எஸ். எக்ஸ்.எல். வண்டி சாய்ந்து கிடந்தது. பின்சக்கரம் இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது. தினமும் எங்கள் பகுதியில் கேன் போடுகிறவர். ஐம்பதை நெருங்கும் வயது. இடது தோளை வலது கையால் இறுக்கிப் பிடித்தபடி ரோட்டில் உட்கார்ந்திருந்தார். மூடி தெறித்த கேனிலிருந்து தண்ணீர் குபுகுபுவென்று கொட்டி அவர் லுங்கியை நனைத்துக்கொண்டிருந்தது.

நான் காரிலிருந்து இறங்கிச் சொன்ன முதல் வார்த்தை, "யோவ், கண்ணு தெரியல?"

எதிர்ப்பக்கம் பூ கட்டிக்கொண்டிருந்த அம்மாதான் முதலில் எழுந்து வந்தார். "ஏம்பா, கதவத் தொறந்தது நீ, அந்தாளக் கேக்குறியே!" என்றார். அப்போதும் எனக்கு உறைக்கவில்லை. கூடிய கூட்டத்திடம் நியாயம் பேசினேன். "ஹெல்மெட் போட்டிருக்காரா பாருங்க. வண்டியில கண்ணாடி எங்க? ஆறு கேன் ஏத்திக்கிட்டு வந்தா எப்படி பேலன்ஸ் இருக்கும்?" நான் சொன்ன மூன்றுமே உண்மை. ஆனால் அவர் விழுந்ததற்கும் அந்த மூன்றுக்கும் சம்பந்தமே இல்லை. என் கதவு திறக்காமல் இருந்திருந்தால் ஆறு கேனும் ஆறு வீட்டுக்குப் போய்ச் சேர்ந்திருக்கும். இது எனக்குத் தெரியும். தெரிந்தே பேசினேன்.

இத்தனைக்கும் நான் பதினாறு வருடம் பைக் ஓட்டியவன். 2001-இல் வாங்கிய ஸ்பிளெண்டரில் தினமும் சாலிகிராமத்திலிருந்து கிண்டி தொழிற்பேட்டைக்குப் போய்வந்தேன். வடபழனி, அசோக் பில்லர், காசி தியேட்டர், ஈக்காட்டுத்தாங்கல் என்று நூறடி சாலையில் எந்த இடத்தில் பள்ளம், எந்த இடத்தில் மணல் என்பது இருட்டிலும் தெரியும். அதைவிட முக்கியமாக, எனக்குக் கார்களைப் படிக்கத் தெரியும். முன்னால் போகும் கார் இண்டிகேட்டர் போடாமல் திரும்பப்போகிறது என்பதை அதன் முன்சக்கரம் சொல்லிவிடும். சக்கரம் ஒரு விரற்கடை திரும்பினாலே வேகத்தைக் குறைத்துவிடுவேன். ஓரமாக நிற்கும் காரைத் தாண்டும்போது பின்கண்ணாடி வழியே ஓட்டுநர் சீட்டில் தலை தெரிகிறதா என்று பார்ப்பேன். தெரிந்தால் ஒரு கதவு அகலம் விலகித்தான் போவேன். காரின் பின்னால் சிவப்பு விளக்கு அப்போதுதான் அணைந்தது என்றால் ஆள் இறங்கப்போகிறார் என்று அர்த்தம். இதையெல்லாம் யாரும் சொல்லித் தரவில்லை. எட்டு போட்டு லைசென்ஸ் வாங்கிய இடத்திலும் சொல்லவில்லை. விழுந்தால் பெயர்வது என் முட்டி என்கிற பயம் சொல்லித்தந்த பாடம் அது.

பயம் இருந்த இடத்திலேயே கோபமும் இருந்தது. எங்களுக்கு அவர்கள் எல்லோரும் 'கார்காரன்'தான். டாக்டரோ வாத்தியாரோ கடன் வாங்கிக் கார் வாங்கியவரோ, அந்த வித்தியாசமெல்லாம் கிடையாது. மழைநாளில் தேங்கிய தண்ணீரை வாரி இறைத்துவிட்டுப் போவான். ராத்திரியில் ஹைபீம் போட்டுக்கொண்டு எதிரே வருவான். ஹெல்மெட் கண்ணாடியில் மழைத்துளி இருக்கும்போது அந்த வெளிச்சம் பட்டால் ரோடே மறைந்துவிடும். சில விநாடி கண்ணை மூடிக்கொண்டு ஓட்டுவதற்குச் சமம். 2004-இல் ஒருநாள் சாயந்திரம், கோடம்பாக்கம் மேம்பாலத்து நெரிசலில் ஒரு வெள்ளைக் கார் எனக்கு வழிவிடாமல் நெருக்கியது. இடுக்கில் நுழைந்து போகும்போது அதன் பக்கக் கண்ணாடியை முழங்கையால் தட்டினேன். உடைந்த சத்தம் கேட்டது. திரும்பிப் பார்க்காமல் போய்விட்டேன். மறுநாள் ஆபீஸ் கேன்டீனில் அதை வீரக்கதையாகச் சொன்னேன். நண்பர்கள் கைதட்டினார்கள். அந்தக் காரில் இருந்தது ஆணா பெண்ணா என்றுகூட நான் பார்க்கவில்லை.

2017 ஜூனில் கார் வாங்கினேன். ஆடம்பரத்துக்கு இல்லை. மகள் வளர்ந்துவிட்டாள், மூன்று பேரும் ஒரே பைக்கில் உட்கார முடியவில்லை. ஒரு மழை ராத்திரி, வளசரவாக்கத்தில் ஒரு கல்யாண வரவேற்பு முடிந்து நனைந்துகொண்டே வந்தபோது, "இனிமே முடியாதுங்க" என்றாள் மனைவி. 2008-இல் டாடா நானோ அறிமுகமானபோதும் இதே கதைதான் சொன்னார்கள். மழையில் ஒரே ஸ்கூட்டரில் போன குடும்பத்தைப் பார்த்ததுதான் அந்தக் காருக்கு வித்து என்று ரத்தன் டாடாவே சொல்லியிருக்கிறார். நம் ஊரில் இன்று கார் ஓட்டுகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் மழைக்குப் பயந்து பைக்கிலிருந்து இறங்கி வந்தவர்கள்தான் என்று நினைக்கிறேன். அப்படியானால் பைக்காரனின் கஷ்டம் காருக்குள் இருப்பவனைவிட வேறு யாருக்கு நன்றாகத் தெரியும்? ஆனால் எனக்கு அது மறந்துபோக ஆறு மாதம்கூட ஆகவில்லை.

காரில் ஏறிக் கதவைச் சாத்தியதும் வெளிச்சத்தம் அடங்கிவிடுகிறது. ஏ.சி. ஓடுகிறது, பாட்டு ஓடுகிறது. கண்ணாடிக்கு வெளியே இருப்பவர்கள் மனிதர்களாகத் தெரியவில்லை, இடைஞ்சலாகத் தெரிந்தார்கள். 'பூந்து பூந்து போறானுங்க' என்பது என் வாயில் தினசரி வார்த்தை ஆயிற்று. கார் வாங்கிய அந்த வருட ஐப்பசி மழையில் அசோக் நகர் மெட்ரோ ஸ்டேஷனுக்கு அடியில் முப்பது நாற்பது பைக்குகள் ஒதுங்கி நின்று பாதி ரோட்டை அடைத்திருந்தன. நானும் மெட்ரோ வந்த 2015-இலிருந்து அதே தூண்களுக்கு அடியில் எத்தனையோ முறை சொட்டச் சொட்ட நின்றவன். கை அசைத்து வழி கேட்டிருக்கலாம். விடாமல் ஹாரன் அடித்தேன். மழைக்கோட்டு போட்ட ஒரு பெண் குழந்தையை இழுத்துக்கொண்டு மழைக்குள் நகர்ந்து வழிவிட்டாள்.

2018 ஜனவரியில் இன்னொன்று நடந்தது. நெரிசலில் ஒரு பையன் என் பக்கக் கண்ணாடியை இடித்துவிட்டுப் போனான். கண்ணாடி உடையவில்லை, மடங்கியது. அவ்வளவுதான். ஆனால் நான் ஈக்காட்டுத்தாங்கல் வரைக்கும் அவனைத் துரத்தினேன். பின்சீட்டில் மகள் "வேணாம்பா, வேணாம்பா" என்று அழுதாள். சிக்னலில் அவனைப் பிடித்து, சட்டையைப் பற்றி, கேட்கக்கூடாத வார்த்தையெல்லாம் கேட்டேன். அவனுக்கு இருபது வயதுகூட இருக்காது. முதுகில் சாப்பாட்டு டெலிவரிப் பை. "சாரி சார், லேட்டாயிடுச்சு சார்" என்பதைத் தவிர அவன் ஒன்றும் சொல்லவில்லை. கோடம்பாக்கம் பாலத்தில் நான் உடைத்த கண்ணாடி அப்போது எனக்கு நினைவுக்கு வரவே இல்லை. வீட்டுக்கு வந்த பிறகு மகள் இரண்டு நாள் என்னோடு சரியாகப் பேசவில்லை.

பைக் ஓட்டுகிறவர்கள்மேல் தப்பே இல்லை என்று சொல்ல வரவில்லை. எதிர்த்திசையில் வருகிறார்கள், தோளுக்கும் காதுக்கும் நடுவில் போனை இடுக்கிக்கொண்டு ஓட்டுகிறார்கள், இடதுபக்கம் திரும்பப்போகும் காரை அதே இடதுபக்கமாக முந்துகிறார்கள். காரின் முன்கண்ணாடியைத் தாங்கி நிற்கும் தூண் இருக்கிறதே, அதன் மறைவில் ஒரு முழு பைக்கும் காணாமல் போய்விடும் என்பது கார் ஓட்டிப் பார்க்காத பலருக்குத் தெரியாது. எனக்கும் பதினாறு வருடம் தெரியாது. 'வேணும்னே வந்து இடிக்கிறான்' என்று நான் திட்டிய கார்காரர்களில் பாதிப்பேர் என்னைப் பார்த்தே இருக்க மாட்டார்கள். 'பெரிய வண்டிமேலதான் தப்பு' என்று கூட்டம் சேர்ந்து தீர்ப்புச் சொல்வதும் பல நேரம் அநியாயம்தான். ஆனால் தப்பு யார்மேல் இருந்தாலும் அடி ஒரே பக்கம்தான் விழுகிறது. என் கார் தொள்ளாயிரம் கிலோ. ஸ்பிளெண்டர் நூற்றுப்பத்து கிலோ சொச்சம். 2022-இல் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் இறந்ததாக மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கை சொல்கிறது. அதில் நூற்றுக்கு நாற்பத்துநான்கு பேருக்கு மேல் இருசக்கர வாகனத்தில் போனவர்கள்.

ஞாயிற்றுக்கிழமைக் கதைக்கு வருகிறேன். பூக்கார அம்மாவும் ஆட்டோக்காரர் ஒருவரும்தான் அவரைத் தூக்கி என் காரில் ஏற்றினார்கள். பக்கத்திலிருந்த தனியார் ஆஸ்பத்திரிக்குப் போனோம். விபத்து நடந்த முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு அரசே பணம் கட்டும் திட்டம் 2021 டிசம்பரில்தான் வந்தது. அன்று கவுன்ட்டரில் முதலில் முன்பணம் கேட்டார்கள். கட்டினேன். எக்ஸ்ரே எடுத்துப் பார்த்ததில் இடது காறையெலும்பு உடைந்திருந்தது. தொட்டில்போலக் கட்டுப் போட்டு, ஆறு வாரம் கையை அசைக்கக் கூடாது, மூன்று மாதத்துக்குப் பாரம் தூக்கக் கூடாது என்றார் டாக்டர். தண்ணீர் நிரம்பிய கேன் இருபது கிலோ. அதைத் தோளில் வைத்து மூன்று மாடி ஏறுவதுதான் அவர் பிழைப்பு.

மருந்துக்காகக் காத்திருந்தபோது மெதுவாக மன்னிப்புக் கேட்டேன். அவர் கோபப்படவில்லை. "நிக்கிற கார்ல தலை தெரியுதான்னு எப்பவும் பாத்துதான் சார் வருவேன். இன்னிக்கு முன்னாடி கட்டின கேன் ஆடிச்சு. குனிஞ்சு புடிச்சேன். அந்த நேரம் பாக்கல" என்றார். தன் தப்பைச் சொல்வதுபோல் சொன்னார்.

நிற்கிற காரில் தலை தெரிகிறதா. அது என் வார்த்தை. நான் பதினாறு வருடம் செய்த காரியம். என் உடம்புக்கு ஆபத்து இருந்தவரைக்கும் ஒவ்வொரு காரையும் பார்த்தேன். ஆபத்து என்னை விட்டு அவர்மேல் போய் உட்கார்ந்த அன்றைக்கே பார்ப்பதை நிறுத்திவிட்டேன். கதவைத் திறக்கும் முன் பக்கக் கண்ணாடியை ஒரு தரம் பார்த்திருந்தால் போதும். அந்த ஒரு பார்வைக்கான வேலையையும் சேர்த்து அவரே பார்த்துக்கொண்டிருந்தார். தினமும், ஒவ்வொரு காருக்கும். ஒரு நாள் குனிந்துவிட்டார். அந்த மருந்துக் கவுன்ட்டர் பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது அடைந்த வெட்கம் இன்றுவரை எனக்குப் போகவில்லை.

இன்னொன்றையும் எழுதித்தான் ஆக வேண்டும். "கேஸெல்லாம் வேணாம் சார், வண்டியச் சரிபண்ணிக் குடுங்க" என்றார் அவர். எனக்கு அப்பாடா என்றிருந்தது. வண்டியைச் சரிசெய்து கொடுத்தேன், சிகிச்சைச் செலவு முழுவதையும் ஏற்றேன், மூன்று மாதத்துக்கு ஒரு தொகையும் கொடுத்தேன். ஊரில் நல்லவன் என்ற பெயரும் கிடைத்தது. ஆனால் என் காருக்கு மூன்றாம் நபர் காப்பீடு இருந்தது. புகார் கொடுத்திருந்தால் மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்துக்குப் போய், போன வருமானத்துக்கும் பட்ட வலிக்கும் சேர்த்து அவர் இழப்பீடு கேட்டிருக்கலாம். அது அவருடைய உரிமை. அவருக்கு அது தெரியாது. எனக்குத் தெரியும். வழக்குக்கும் அலைச்சலுக்கும் பயந்து நான் வாய் திறக்கவில்லை. கதவைத் திறந்தது கவனக்குறைவு. இது தெரிந்து செய்த குற்றம். இரண்டு வருடம் கழித்துத்தான் அவரிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "அப்பவே சொல்லியிருக்கலாம் சார்" என்றார். அதற்குமேல் எதுவும் கேட்கவில்லை.

அவர் இன்றும் கேன் போடுகிறார். இடது தோளில் வைப்பதில்லை. வலது தோளில் மட்டும். எங்கள் வீட்டுக்கு நானே கீழே இறங்கிப் போய்க் கேனை எடுத்துக்கொள்கிறேன்.

அந்தப் பழைய ஸ்பிளெண்டரை நான் விற்கவில்லை. வாரத்தில் இரண்டு நாளாவது அதில்தான் ஆபீஸ் போகிறேன். மறுபடியும் முன்சக்கரங்களைப் பார்க்கிறேன், தலைகளைப் பார்க்கிறேன். மறுநாள் காரில் உட்காரும்போது அந்தப் பார்வை கொஞ்சம் கூடவே வருகிறது. கல்லூரிக்குப் போகும் மகள் இப்போது ஸ்கூட்டி ஓட்டுகிறாள். அவளுக்கு நான் முதலில் சொல்லிக்கொடுத்தது தலை பார்ப்பதைத்தான்.

கார் வைத்திருப்பவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். வண்டியை நிறுத்தியதும் கதவுப் பக்கம் இருக்கும் வலது கையைச் சும்மா வையுங்கள். இடது கையை நீட்டிக் கதவைத் திறங்கள். அப்படி நீட்டினால் உடம்பு தானாக வலதுபக்கம் திரும்பும், கண் கண்ணாடியைத் தாண்டி ரோட்டின் பின்பக்கம் போகும். பின்சீட்டில் குழந்தைகள் இருந்தால் நீங்கள் சொல்லும்வரை கதவைத் தொடக்கூடாது என்று பழக்குங்கள். பின்னால் ஒருவர் வந்துகொண்டிருப்பார். உங்கள் தலை தெரிகிறதா என்று பார்த்துக்கொண்டேதான் வருவார். நீங்களும் ஒரு தரம் அவரைப் பாருங்கள்.