தளவானூர்: கல்லில் மகரம், ஏரியில் விரால்

செஞ்சிக்குப் போகிறவர்கள் ராஜகிரி ஏறுவார்கள். கல்யாண மகாலுக்கு முன்னால் நின்று படம் எடுப்பார்கள். வெயில் ஏறுவதற்குள் இறங்கி விழுப்புரத்துக்கோ திண்டிவனத்துக்கோ பஸ் பிடிப்பார்கள். 2025 ஜூலையில் மராட்டியர் காலத்து ராணுவத் தலங்களில் ஒன்றாக யுனெஸ்கோ செஞ்சிக் கோட்டையைப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்த பிறகும் இந்தச் சுற்றுலா வழக்கம் பெரிதாக மாறவில்லை. பக்கத்திலேயே இருக்கும் தளவானூர் யார் பட்டியலிலும் இடம்பெறுவதில்லை.

செல்போனில் தளவானூர் என்று தேடினால் தென்பெண்ணையாற்றில் உடைந்துபோன தடுப்பணைச் செய்திகள்தான் முதலில் வந்து விழும். அது ஆற்றங்கரையில் இருக்கிற வேறு தளவானூர். இங்கே சொல்வது மண்டகப்பட்டுக்குப் பக்கத்தில், பஞ்சபாண்டவர் மலை என்று ஊரார் சொல்லும் பாறைக்குன்றை ஒட்டிய தளவானூர்.

குன்றின் தெற்கு முகத்தில் ஒரு குகைக்கோயில் இருக்கிறது. 7-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பல்லவ மன்னன் மகேந்திரவர்மன் குடைவித்தது. சத்ருமல்லன் என்பது அவனுடைய பட்டப்பெயர்களில் ஒன்று. அதனால் கோயிலுக்கு சத்ருமல்லேஸ்வராலயம் என்று பெயர். முகப்பில் இரண்டு தூண்கள், இரண்டு ஓரத்திலும் ஆளுயர வாயிற்காவலர்கள். தூண்களுக்கு மேலே மகர தோரணம். யானைத் துதிக்கை, முதலை வாய், மீன் வால் என்று மூன்றையும் சேர்த்துச் செய்த கற்பனைப் பிராணி மகரம். மகேந்திரனின் குகைகளில் பெரும்பாலானவை அலங்காரமே இல்லாத மொட்டைத் தூண்களோடு நிற்கும்போது, இங்கே மட்டும் சிற்பி கொஞ்சம் ஆசையாக வேலை செய்திருக்கிறான்.

நீர்ப்பிராணியைத் தலைவாசலில் வைத்த அதே அரசனுக்கு ஏரி வெட்டுவதிலும் ஈடுபாடு இருந்தது. ராணிப்பேட்டை மாவட்டத்து மகேந்திரவாடியில் மகேந்திர தடாகம் என்ற ஏரியின் கரையில் விஷ்ணுவுக்குக் கோயில் குடைந்ததாக அங்குள்ள கல்வெட்டே சொல்கிறது. செஞ்சி வட்டாரமும் அப்படிப்பட்ட ஏரிப் பூமிதான். ஐப்பசி, கார்த்திகை மழை நிரப்பினால்தான் வயலுக்குத் தண்ணீர். சித்திரை, வைகாசியில் ஏரி முழங்கால் ஆழத்துக்கு வந்துவிடும். விரால், கெண்டை, கெளுத்தி எல்லாம் நடுவில் இருக்கும் பள்ளத்துக்குள் ஒதுங்கும். மீன்பிடிக்க ஊர் கூடுவது அப்போதுதான்.

இதைத் திருவிழாவாகவே நடத்துவது புதுக்கோட்டை, சிவகங்கை, மதுரை, திண்டுக்கல் பக்கங்களில். அங்கே ஏரிக்குப் பெயர் கண்மாய். விடிவதற்கு முன்பே சுற்றுவட்டார ஊர்களிலிருந்து ஆட்கள் வந்து கரை முழுக்க வரிசையாக நிற்பார்கள். ஊர்ப் பெரியவர்கள் சாமி கும்பிட்டு வெள்ளைத் துண்டை வீசுவார்கள். அவ்வளவுதான், ஆயிரம் கால்கள் ஒரே நேரத்தில் தண்ணீருக்குள். துண்டு அசைவதற்கு முன் இறங்கியவனை ஊர் சும்மா விடாது. மறுநாள் நாளிதழ்களில் 'கிராமமே மீன் குழம்பு வாசம்' என்று தலைப்பு வரும். பல வருடமாக அதே தலைப்புதான், யாரும் மாற்றுவதாக இல்லை.

முக்கியமான ஆயுதம் ஊத்தா. அடியும் மேலும் திறந்த கூம்புக் கூடை. அகலமான அடிப்பக்கத்தைச் சேற்றில் அழுத்திக் குத்த வேண்டும். உள்ளே மீன் மாட்டினால் கூடையில் மோதுவது கைக்குத் தெரியும். மேல் வாய் வழியாகக் கையை விட்டுத் துழாவி எடுக்க வேண்டும். கையில் சிக்கியது விரால் என்றால் அதிர்ஷ்டம். கெளுத்தி என்றால் அதன் முள் குத்தி அன்று முழுக்கக் கடுக்கும். தனி ஆளாக வந்தால் பெரிதாகத் தேறாது. அண்ணன் ஊத்தா குத்த, தம்பி கச்சா வலையைத் தள்ளிக்கொண்டு எதிரே வர, கரையில் அம்மா சாக்கோடு நிற்க, மூன்று பேருமாகச் சேர்ந்தால்தான் சாக்கு நிறையும்.

பிடித்த மீனை விற்கக் கூடாது, சமைத்துச் சாப்பிட்டால்தான் அடுத்த வருடம் மழை வரும் என்று பல ஊர்களில் நம்புகிறார்கள். சில ஊர்களில் ஊத்தாவுக்கு இவ்வளவு என்று கட்டணமும் வாங்குகிறார்கள். நம்பிக்கைக்கும் செலவு இருக்கத்தானே செய்கிறது.

இதே ஏரிமீன் பிடிப்பை இங்கிலாந்தில் நேரெதிராகச் செய்கிறார்கள். ட்ரவுட்டும் சால்மனும் கனவான்களின் மீன்கள். கெண்டை வகையறா அங்கே சாமானியர்களின் மீன். அதைத் தூண்டிலில் பிடிக்க அணி அணியாகப் போட்டி நடக்கிறது. கரையில் எண் போட்ட இடங்கள், யாருக்கு எந்த இடம் என்று சீட்டுக் குலுக்கல். விசில் அடித்ததும் தூண்டில் போட வேண்டும், பெரும்பாலும் 5 மணி நேரம். பிடித்த மீனைத் தண்ணீருக்குள்ளேயே நீளமான வலைப்பையில் உயிரோடு வைத்திருந்து, கடைசியில் எடை போட்டுவிட்டு ஏரியிலேயே விட்டுவிடுவார்கள். குழம்பு கிடையாது!

அணிக் கணக்குதான் சுவாரசியம். கரையைப் பகுதிகளாகப் பிரித்து, பகுதிக்கு அணியில் ஒருவர் உட்காருவார். பத்துப் பேர் இருக்கும் பகுதியில் முதலிடத்துக்கு 1 புள்ளி, கடைசி இடத்துக்கு 10. கூட்டுத்தொகை குறைந்த அணி ஜெயிக்கும். ஐந்து பேர் அணியில் நால்வர் முதலிடம் பிடித்து ஒருவர் வெறுங்கையோடு எழுந்தால் 14. ஐந்து பேரும் இரண்டாம் இடம் வந்தால் 10. ஆகவே பெரிய மீனுக்குக் காத்திருக்கும் சூரனைவிட, சின்னச் சின்ன மீனாக எடுத்துக்கொண்டே இருப்பவன்தான் அணிக்கு வேண்டியவன். உலக சாம்பியன் போட்டியில் தனிநபர் பட்டத்தை 5 முறை வென்ற இங்கிலாந்தின் ஆலன் ஸ்காட்ஹார்ன் இந்தப் பள்ளியில் வந்தவர்.

வேடிக்கை என்னவென்றால், அந்த ஊர்த் தூண்டில்காரர்கள் நெடுங்காலம் விரும்பிப் பயன்படுத்திய தக்கை மயிலிறகுத் தண்டு. நம் ஏரிக்கரைப் பையன்களும் அதையோ நெட்டியையோதான் நரம்பில் கட்டுகிறார்கள். இரைக்கு மண்புழு, இல்லாவிட்டால் மைதா உருண்டை. விராலுக்குக் குட்டித் தவளை. இரண்டு கட்சியாகப் பிரிந்து போட்டி போட்டால் எண்ணிக்கையா எடையா என்பதில் சண்டை வந்தே தீரும்.

ஆனால் எந்த ஏரியிலும் எப்போது வேண்டுமானாலும் தூண்டில் போட முடியாது. தமிழ்நாட்டில் 39 ஆயிரத்துக்கும் மேல் ஏரி, கண்மாய்கள் இருக்கின்றன. பலவற்றில் மீன்பாசி ஏலம் விடப்படுகிறது. ஏலம் எடுத்தவர் கட்லா, ரோகு குஞ்சுகளை விட்டு வளர்ப்பார். அவை கங்கைச் சமவெளியின் மீன்கள். போட்ட பணத்தை எடுக்க வேண்டிய அவருக்கு, கரையில் உட்காரும் பையனின் தூண்டிலும் நஷ்டம்தான். ஊருக்கோ பரம்பரையாகப் பிடித்த மீன் திடீரென்று யாரோ ஒருவருடையதாகிவிட்ட கோபம். அறுவடை முடிந்து குத்தகைதாரர் வலையைச் சுருட்டிய பிறகு மிச்சத்தை ஊருக்கு விடுவது பல இடங்களில் இந்தச் சண்டைக்குக் கண்டுபிடித்த சமாதானம்.

மிச்சத்தில் என்ன இருக்கிறது என்பதுதான் இப்போது கேள்வி. 1952-ல் இந்தியாவுக்குள் வந்த ஜிலேபி மீன் இன்று ஏரிதோறும் இருக்கிறது. வளர்க்கத் தடை உள்ள ஆப்பிரிக்கக் கெளுத்தி கையில் கிடைத்ததையெல்லாம் விழுங்குகிறது. விரால் சேற்றில் காற்றைக் குடித்துத் தாக்குப்பிடிக்கும், குஞ்சுகளைக் கூட்டமாக வைத்துத் தாயும் தகப்பனும் காவல் காக்கும். அதற்கும் ஒளிய ஓரத்துப் புல்லும் கோரையும் வேண்டுமே!

தளவானூருக்குப் போவதென்றால் தை, மாசி நல்ல மாதங்கள். பாறை சுடாது, ஏரிகளில் தண்ணீரும் இருக்கும். குகைக்குக் காலையில் போங்கள். மண்டகப்பட்டுக் குகையையும் அதே நாளில் பார்த்துவிடலாம். சாப்பாட்டுக்கும் தங்குவதற்கும் செஞ்சிதான் வசதி. வழியில் ஏதாவது ஏரியைப் பார்த்துத் தூண்டில் ஆசை வந்தால், ஏலம் எடுத்தவர் யார் என்று கரையில் இருப்பவர்களிடம் கேட்டு, அவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு மண்புழுவைத் தோண்டுங்கள்.