அப்பாவின் காரும் ஓர் ஒயில் முள்ளும்

2018ஆம் ஆண்டில், பெண்கள் அமைப்புகளில் பணியாற்றும் சிலருடன் பத்து நாள் கற்கைப் பயணமாகக் கியூபாவுக்குப் போகும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. திரும்பி வந்ததும் வழமைபோல அறிக்கை எழுதிக் கொடுத்தேன். அந்த அறிக்கைக்குள் அடங்காத ஒரு மாலைப்பொழுதை மட்டும் இங்கே உங்களுடன் பகிர்ந்துகொள்கிறேன்.

ஹவானா நகர வீதிகளில் 1940களிலும் 1950களிலும் செய்யப்பட்ட அமெரிக்கக் கார்கள் இன்னமும் ஓடுகின்றன. 1960இல் அமெரிக்கா தொடங்கிய வர்த்தகத் தடை 1962இல் முழுத்தடையாகியது. அதன்பின் புதுக் காரும் வரவில்லை, உதிரிப்பாகமும் வரவில்லை. இருந்தவற்றைத் திருத்தித் திருத்தியே மக்கள் ஓட்டினார்கள். எங்களுடைய மினிபஸ் போல, குறித்த பாதையில் ஆட்களை ஏற்றி இறக்கும் வாடகைக் கார்களாகப் பல ஓடின. பெரிய வாதுமைக்கொட்டை போன்ற உருவம் என்பதால் அவற்றுக்கு 'அல்மென்ட்ரோன்' என்று பட்டப்பெயர். அநேகமானவற்றுக்கு எஞ்சின் மாற்றிவிட்டார்கள். நாங்கள் ஏறிய 1951ஆம் ஆண்டுச் செவ்ரோலெட்டில் மட்டும் பழைய ஆறு சிலிண்டர் எஞ்சினே இருந்தது.

நான் ஹயர் கார் ஓட்டியவரின் மகள். எந்த வாகனத்தில் ஏறினாலும் என் கண் முதலில் மீற்றருக்குத்தான் போகும். அந்தக் காரின் ஒயில் பிறசர் முள் 14 அளவில் நின்றது. எனக்குப் பயமாக இருந்தது. மொழிபெயர்ப்பாளர் மூலம் கேட்டேன். வயதான அந்தச் சாரதி சிரித்தார்.

"மற்றக் கார்களில் 40, 50 இராத்தல் காட்டும். இதன் மீற்றரே 30இல் முடிகிறது, பாருங்கள். புதிதாக இருந்தபோதும் இது இவ்வளவுதான் காட்டியது. இந்த எஞ்சினில் ஒயிலைப் பீச்சிவிட, தண்டுகளின் அடியில் உள்ள சிறு அகப்பைகள் அதை அள்ளிக்கொள்ளும். அதற்கு இந்தப் பிறசர் போதும். ஒரு காரின் கணக்கை இன்னொரு காருக்குப் போடக்கூடாது" என்றார்.

சிறிது தூரம் போனதும் சந்தியொன்றில் நெரிசல். கார் நின்ற இடத்திலேயே நின்றது. முள் இறங்கிச் சைபருக்கு வந்தது. அவர் அக்சிலேற்றரை மெல்ல அழுத்திப் பார்த்தார். முள் எழும்பவில்லை. முகத்தில் இருந்த சிரிப்பு போய்விட்டது. உடனே ஓரங்கட்டி எஞ்சினை நிறுத்தினார். மற்றப் பயணிகள் வேறு கார் பிடித்துப் போய்விட்டார்கள். எங்களுக்கு அவசரமில்லை, நின்றுவிட்டோம்.

சில நிமிடங்கள் பொறுத்து ஒயில் கம்பியை இழுத்துப் பார்த்தார். ஒயில் குறைந்திருக்கவில்லை. குறிக்கு மேலே நின்றது. இரண்டு விரல்களால் உரசி மணந்துவிட்டு, கம்பியை என்னிடம் நீட்டினார். பெற்றோல் மணம். தண்ணீர்போல வழிந்தது.

பெற்றோல் பம்பின் உள்ளே இருக்கும் இறப்பர்ச் சவ்வு கிழிந்திருக்கிறது. அதனால் பெற்றோல் எஞ்சினின் அடிக்குள் இறங்கி ஒயிலோடு கலந்துவிட்டது. ஒயில் நீர்த்தால், எவ்வளவு இருந்தாலும் பிறசர் நிற்காது. எஞ்சின் சூடாகி, நின்ற இடத்தில் மெதுவாகச் சுற்றும்போது இன்னும் இறங்கும். அப்படியே ஓட்டினால் உலோகத்தோடு உலோகம் உரசி எஞ்சின் இறுகிவிடும். இவ்வளவையும் அவர் பொறுமையாக விளக்கினார். பிறகு அவருடைய மகன் சைக்கிளில் வந்தார். கையில் ஒரு கான் ஒயிலும் இறப்பர்த் துண்டும். அங்கேயே சவ்வு வெட்டிப் பூட்டி, ஒயிலை மாற்றினார்கள். இரண்டு மணித்தியாலத்தின் பின் முள் மறுபடி 14இல் நின்றது.

எனக்கு மட்டும் பேச்சு வரவில்லை. அந்த ஒயில் கம்பியை மணந்த நேரம் தொடக்கம் நான் யாழ்ப்பாணத்தில் இருந்தேன்.

அப்பாவிடம் ஒஸ்ரின் ஏ-40 கார் ஒன்று இருந்தது. 1990இல் போர் மீண்டும் தொடங்கியபின் பெற்றோல் யாழ்ப்பாணத்துக்கு வரவில்லை. உங்களில் பலருக்கு அந்தக் காலம் நினைவிருக்கும். வீட்டில் ஜாம் போத்தல் விளக்கு. காருக்கு மண்ணெண்ணெய். கிடைக்கும் சொட்டுப் பெற்றோலைக் காபரேற்றருக்குள் விட்டு ஸ்ராட் செய்து, எஞ்சின் சூடானதும் மண்ணெண்ணெயில் ஓடுவார்கள். மண்ணெண்ணெய் முழுமையாக எரியாது. எரியாதது சிலிண்டர் வழியே கீழே இறங்கி ஒயிலோடு கலக்கும். மாற்ற நல்ல ஒயிலும் கிடைக்காது. அப்பாவின் காரில் மீற்றர்கள் எப்போதோ செத்துவிட்டன. எதைப் பார்த்து அவர் அறிவது?

1995 ஒக்டோபர் 30 இரவு வலிகாமம் முழுவதும் வெளிக்கிட்டது. அப்போது எனக்கு எட்டு வயது. காருக்குள் அம்மம்மா, நான், தம்பி. பின்னால் அம்மாவின் தையல் மெசினும் ஆவணங்கள் வைத்த சூட்கேசும். செம்மணி வீதியில் மழைக்குள் இலட்சக்கணக்கான சனம். கார் மணிக்கணக்காக ஊர்ந்தது. நாவற்குழிப் பாலத்துக்கு இன்னும் தூரம் இருக்கையில் உள்ளே ஏதோ தட்டும் சத்தம் கேட்டது. பிறகு எஞ்சின் இறுகி நின்றது. காரை ஓரத்தில் தள்ளிவிட்டு நடந்தோம். அம்மம்மாவை யாரோ சைக்கிளில் வைத்து உருட்டினார்கள். தையல் மெசினைத் தூக்க ஆளில்லை. 1996இல் திரும்பி வந்தபோது காரும் இல்லை, மெசினும் இல்லை.

அம்மாவின் உழைப்பு அந்த மெசினில்தான் இருந்தது. அதன்பின் வீட்டில் சண்டை வரும்போதெல்லாம் அம்மா, "ஒயிலைப் பாக்காமல் காரை எடுத்த மனிசன்" என்பா. அப்பா பதில் சொல்லமாட்டார். 2011இல் அவர் நோயில் கிடந்தபோதும் என்னிடம், "நான்தான் பிள்ளை அந்தக் காரைக் கொண்டனான்" என்றார். அவர் அந்த மாதமே இறந்துபோனார்.

ஊருக்கு வந்து அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அப்பா ஒயிலைப் பார்த்திருந்தாலும் கம்பியில் குறைவு தெரிந்திருக்காது, மண்ணெண்ணெய் கலந்து கூடத்தான் காட்டியிருக்கும், அது அவருடைய பிழையல்ல என்றேன். அம்மா கனநேரம் பேசாமல் இருந்தா. பிறகு சொன்னா:

"அவற்றை பிழையில்லை எண்டு எனக்கு அப்பவே தெரியும் பிள்ளை. ஆரைக் கோவிக்கிறது? பக்கத்திலை அவர்தான் இருந்தவர்."

சமூகவியல் படித்த காலத்தில், அமெரிக்க அறிஞர் சி. ரைட் மில்ஸ் 1959இல் எழுதிய நூலொன்றைப் படித்தோம். ஒருவரின் தனிப்பட்ட தொல்லைக்கும் சமூகத்தின் பொதுப் பிரச்சினைக்கும் உள்ள தொடர்பைக் காணவேண்டும் என்றார் அவர். பரீட்சைக்கு அழகாக எழுதினேன். எங்கள் வீட்டுக்குள் இருந்த உதாரணத்தை நான் காண இத்தனை வருடங்கள் எடுத்தன.

குழுக் கூட்டங்களில் நான் அடிக்கடி கேட்கும் வார்த்தைகள் இவை: "அண்டைக்கு நான் அவனைக் கடைக்கு அனுப்பாமல் இருந்திருந்தால்." "அந்தப் பங்கருக்குப் போவம் எண்டு நான் சொல்லாமல் இருந்திருந்தால்." கணவனை, பிள்ளையை இழந்த பெண்கள் அந்தப் பழியையும் தாங்களே சுமக்கிறார்கள். சுமக்காதீர்கள் என்று வெறுமனே சொல்வதால் அது இறங்குவதில்லை. இப்போது நான் அவர்களுடன் இருந்து, அன்று கையில் என்ன இருந்தது, என்ன தெரிந்திருந்தது, எந்த வழி திறந்திருந்தது என்று ஒவ்வொன்றாகக் கேட்கிறேன். நேரம் எடுக்கும். சிலர் அழுவார்கள். சிலர், "அப்ப வேறை வழி இருக்கேல்லைத்தான்" என்று தாங்களாகவே சொல்வார்கள்.

உங்கள் வீட்டிலும் பழி சுமக்கும் ஒருவர் இருக்கக்கூடும். அவருடைய பிழையில்லை என்று உங்களுக்குத் தெரிந்திருந்தால், அவர் உயிரோடு இருக்கும்போதே வாய்திறந்து சொல்லிவிடுங்கள். எங்கள் அம்மாவுக்கு அது முடியாமற் போய்விட்டது.

வாகனம் ஓட்டும் சகோதரிகளுக்கு இன்னொன்று. ஒயில் சிவப்பு விளக்கு எரிந்தால் வீடுவரை ஓடிப் பார்ப்போம் என்று நினைக்காதீர்கள். உடனே நிறுத்துங்கள். ஒயில் கம்பியில் அளவை மட்டும் பாராமல் மணந்தும் பாருங்கள்.