அழுக்கை அளந்து வைப்பவர்

மீன் தொட்டி சர்வீஸுக்கு வருகிறவரின் பையில் சோப்பைத் தவிர எல்லாம் இருக்கும். பழைய டூத் பிரஷ், காது குடையும் பஞ்சுக் குச்சி, பத்தடி பிளாஸ்டிக் டியூப், ஆன்டி க்ளோரின் மருந்து, ரப்பர் வாஷர்கள், பாதி எலுமிச்சம்பழம். இந்தப் பையை ஸ்கூட்டர் கொக்கியில் மாட்டிக்கொண்டு மயிலாப்பூர், தி.நகர், அடையாறு என்று சுற்றும் ஒருவருடன் நானும் அலைந்தேன். அவர் சரக்கு எடுப்பது கொளத்தூரில். சென்னையின் வண்ண மீன் வியாபாரம் வேர்விட்டிருப்பது அங்கேதான். ஆனால் மாதா மாதம் காசு வருவது தெற்கே. மீன் வளர்க்க ஆசை உண்டு, கையை நனைக்கத்தான் நேரமில்லை என்கிற வீடுகள், கிளினிக்குகள், கடைகள்.

மாட வீதிக்குப் பின்னால் ஒரு பழைய வீட்டுக் கூடம். மூன்றடித் தொட்டி, கொழுத்த கோல்டு ஃபிஷ்கள். மேலே டாப் ஃபில்டர்: மோட்டார் தண்ணீரை ஒரு தட்டுக்கு ஏற்றும், அது பஞ்சு, ஃபோம், பீங்கான் ரிங்ஸ் வழியாக இறங்கித் தொட்டிக்கே திரும்பும். அவர் மீனைப் பார்க்கவில்லை. தண்ணீர் விழும் சத்தத்தை ஒரு கணம் கேட்டார். “அடைச்சிருக்கு” என்றார். பிளக்கைப் பிடுங்கிவிட்டுத்தான் கையை உள்ளே விட்டார்.

தொட்டித் தண்ணீரையே ஒரு பக்கெட்டில் பிடித்து, ஃபோமை அதில் மூன்று முறை அமுக்கிப் பிழிந்தார். பழுப்பாக ஓடியது. நான்காம் முறை பிழியவில்லை. பார்த்துக்கொண்டிருந்த மாமிக்குப் பொறுக்கவில்லை.

“ஏம்ப்பா, குழாயடில வச்சு நன்னா தேய்ச்சு அலம்பப்படாதோ? இன்னும் அழுக்கா இருக்கே.”

“அந்த அழுக்குதான் மாமி வேலை செய்யுது. அதைக் கழுவிட்டா அடுத்த வாரம் மீனு மேல வந்து வாயைப் பொளக்கும்.”

மாமி நம்பியதாகத் தெரியவில்லை. ஆனால் அவர் சொன்னது சரி. மீன் தன் கழிவைப் பெரும்பாலும் செவுள் வழியாக அம்மோனியாவாக விடுகிறது. ஃபோமிலும் ரிங்ஸிலும் ஒட்டியிருக்கும் வழவழப்புதான் அதைத் தின்னும் பாக்டீரியாக்களின் குடியிருப்பு. ஒரு கூட்டம் அம்மோனியாவை நைட்ரைட்டாக்கும். இன்னொன்று நைட்ரைட்டை அவ்வளவாகக் கெடுதி செய்யாத நைட்ரேட்டாக்கும். இரண்டாவது வேலைக்கு நைட்ரோபாக்டர் என்ற பெயரையே புத்தகங்கள் நெடுங்காலம் சொல்லிவந்தன. 1998-ல் டிமோதி ஹோவனெக் குழுவினர் நன்னீர்த் தொட்டிகளை ஆராய்ந்து, அங்கே அந்த வேலையைச் செய்வது நைட்ரோஸ்பைரா வகை என்று காட்டினார்கள். நம்மவருக்கு இந்தப் பெயர்கள் தேவைப்படவில்லை. “பஞ்சைத் தூக்கிப் போடலாம், ஃபோமைப் பிழியலாம், ரிங்ஸை அலசலாம், தேய்க்கக் கூடாது. மூணையும் ஒரே நாள்ல தொடவே கூடாது.” அவருடைய பாடப்புத்தகம் அவ்வளவுதான்.

குழாய்த் தண்ணீரில் க்ளோரின் கலப்பதே கிருமியைக் கொல்லத்தான். அது நல்ல கிருமி, கெட்ட கிருமி என்று பார்க்காது. போர் தண்ணீரில் க்ளோரின் இல்லை. அதற்குச் சிக்கல் வேறு: அதன் பிஹெச். பிஹெச் 7-லிருந்து 8-க்கு ஏறினால், இருக்கிற அம்மோனியாவில் நஞ்சாக நிற்கும் பங்கு ஏறக்குறைய 10 மடங்காகிறது. நம் ஊர் வெக்கை அதை இன்னும் கூட்டும். குளிர்தேசத்துக்காரர் பிழைத்துக்கொள்ளும் ஒரு தவறு இங்கே மீனைக் கொன்றுவிடும்.

போர் தண்ணீரின் மிச்சம் இம்பெல்லரில் தெரிந்தது. மோட்டாருக்குள் சுழலும் அந்தச் சின்னக் காந்த உருளையை நகத்தால் நெம்பி எடுத்தார். சுற்றிலும் வெள்ளை உப்புக் காரை. பைக்குள் எலுமிச்சம்பழம் எதற்கென்று அப்போதுதான் புரிந்தது. சாறு பிழிந்து ஊற வைத்து, பஞ்சுக் குச்சியால் குழிக்குள் சுற்றித் துடைத்து, நல்ல தண்ணீரில் அலசி, திரும்ப மாட்டினார். மாதக்கணக்காகக் கொரகொரத்த மோட்டார் சத்தமில்லாமல் ஓடியது. மாமி முகம் மலர்ந்தது இதற்குத்தான். இந்தத் தொழிலின் வேடிக்கை இது: காசு பளபளப்புக்குக் கிடைக்கிறது, திறமையோ எதைக் கழுவாமல் விடுவது என்பதில் இருக்கிறது. வேலை சீக்கிரம் முடிந்தால் ஏமாற்றுகிறான் என்றும் பேச்சு வரும். அதனால் கண்ணாடியைக் கூடுதலாகக் கொஞ்ச நேரம் தேய்ப்பாராம்.

அடையாறு காந்தி நகர்ப் பக்கம் போகும்போது தண்ணீரைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தார். 2013-ல் திறந்த நெம்மேலி ஆலை நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் கடல்நீரைக் குடிநீராக்கித் தென்சென்னைக்கு அனுப்பக் கட்டப்பட்டது. குழாயில் ஒரு தண்ணீர், போரில் ஒரு தண்ணீர், லாரியில் ஒரு தண்ணீர்; எது வந்தது என்று கேட்காமல் தொட்டியில் ஊற்ற மாட்டார். 2019 கோடையில் ஏரிகள் வறண்டபோது, “குடிக்கவே இல்ல, மீனுக்கு என்ன” என்றார்களாம். ஃபில்டர் அம்மோனியாவைப் பார்த்துக்கொள்ளும், நைட்ரேட்டை எடுக்காது. அதற்குத் தண்ணீர் மாற்றியே ஆக வேண்டும். பாதி மீன்களைக் கொளத்தூருக்கே திருப்பிக் கொண்டுபோய்த் தொட்டிகளைக் காப்பாற்றியிருக்கிறார்.

2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் வந்தது வேறு கஷ்டம். மூடிய கேனிஸ்டர் ஃபில்டர் மின்சாரம் இல்லாமல் நின்றால், உள்ளிருக்கும் ஆக்சிஜன் சில மணி நேரத்தில் தீர்ந்து பாக்டீரியா செத்து அழுகத் தொடங்கும். கரன்ட் வந்ததும் அந்த நாற்றத் தண்ணீர் முழுவதும் தொட்டிக்குள் பாயும். போன் கிடைத்தவர்களிடமெல்லாம், “கரன்ட் வந்த உடனே ஃபில்டர் போடாதீங்க, திறந்து அலசிட்டுப் போடுங்க” என்று கத்தியிருக்கிறார். கேட்டவர்களின் மீன்கள் பிழைத்தன என்கிறார். கேட்காதவர்கள் புதிதாக வாங்கினார்கள். “அதுலயும் எனக்கு வியாபாரம்தான்” என்று சிரித்தார்.

தி.நகரில் ஒரு துணிக்கடை. கல்லாவுக்குப் பக்கத்தில் வாஸ்துவுக்காக ஓர் அரோவானா. மேனேஜர் புது கேனிஸ்டர் வாங்கி வைத்திருந்தார்; பழையதைக் கழற்றி எறியச் சொன்னார்.

“ரெண்டும் ஒரு மாசம் சேர்ந்து ஓடட்டும் சார்.”

“முதலாளி பார்த்தா திட்டுவாரு. ஒண்ணுதான் தெரியணும்.”

பாலில் உறை மோர் விடுவதுபோல ஒரு வழி உண்டு. பழைய ஃபில்டரின் ரிங்ஸைத் தொட்டித் தண்ணீரில் வைத்தே எடுத்து, காயாமல் அப்படியே புதியதன் கூடையில் நிரப்பினார். பழைய ஃபோமிலும் ஒரு துண்டு வெட்டி மேலே வைத்தார். புதிதாக வந்த வெள்ளை ரிங்ஸ் பாக்கெட்டைப் பிரிக்கவில்லை.

“இதுக்கும் சேர்த்துத்தானே காசு குடுத்திருக்கோம்?” என்றார் மேனேஜர்.

“அடுத்த மாசம் பாதி போடறேன் சார். அதுக்கு அடுத்த மாசம் மீதி” என்று சொல்லி, பாக்கெட்டைத் தொட்டி ஸ்டாண்டின் கீழே தள்ளிவிட்டு, பில் புக்கை எடுத்தார்.