7 அடி இடம் போதும்! மாதவரம் வீடுகளில் ஓர் அழகான டைனிங் கார்னர்

ஆந்திரா பஸ் பிடிக்கத்தான் மாதவரம் என்று நினைத்திருப்பவர்கள் நம்மில் நிறைய பேர். 2018 அக்டோபரில் இங்கே புறநகர் பேருந்து நிலையம் திறந்த பிறகு, நெல்லூருக்கும் திருப்பதிக்கும் போகிறவர்கள் மூட்டை முடிச்சுகளோடு வந்து இறங்கும் ஊராகிவிட்டது இது. ஆனால் ஜி.என்.டி. சாலையை விட்டு உள்ளே திரும்பிப் பாருங்கள். தெருவுக்குத் தெரு அபார்ட்மென்ட்கள். ஒவ்வொரு வீட்டிலும் புதுக்குடித்தனக்காரர்களைக் குழப்பும் கேள்வி ஒன்றுதான்: 'டைனிங் டேபிளை எங்கே போடுவது?'

பால் பண்ணையால் பெயர் பெற்ற ஊர் இது. இன்றும் 'மில்க் காலனி' என்றால்தான் ஆட்டோக்காரருக்குச் சட்டென்று புரியும். கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகமும் இங்கேதான் இருக்கிறது. 2011-ல் மாநகராட்சியோடு சேர்ந்தது. இப்போது மெட்ரோவின் இரண்டாம் கட்டத்தில் இரண்டு தடங்கள் இங்கிருந்துதான் தொடங்குகின்றன. இடத்தின் மதிப்பு ஏற ஏற, வீட்டின் அளவு சுருங்குகிறது. அப்படிச் சுருங்கும்போது முதலில் காணாமல் போவது சாப்பிடும் இடம்தான். ஹாலில் டி.வி. முன்னால் ஆளுக்கொரு தட்டு என்று ஆகிவிடுகிறது. தனி அறை இல்லாவிட்டால் என்ன? ஒரு மூலை போதும்!

முதலில் டேப், பிறகு டேபிள்

கடைக்குப் போகும் முன் அளவு டேப்பை எடுங்கள். ஒருவர் முழங்கை இடிக்காமல் சாப்பிட 2 அடி அகலம் வேண்டும். தலைவாழை இலை போடுகிற வீடென்றால் இரண்டரை அடி. மேஜை உயரம் 30 அங்குலம், நாற்காலி உட்காரும் உயரம் 18 அங்குலம். நாற்காலியை இழுத்து எழுந்திருக்கப் பின்னால் 3 அடி விடுங்கள்.

நான்கு பேர் குடும்பத்துக்கு 4 அடி நீளம், இரண்டரை அடி அகலத்தில் மேஜை போதும். சுவரை ஒட்டி ஒரு பெஞ்ச், எதிர்ப்பக்கம் இரண்டு நாற்காலி. சுவரிலிருந்து 7 அடிக்குள் எல்லாம் அடங்கிவிடும். பெஞ்சுக்கு அடியில் இழுப்பறை வைத்தால் விருந்தாளிகளுக்கான தட்டுகளும் டம்ளர்களும் அங்கே போய்விடும். அதற்கும் இடம் இல்லையா? ஐ.சி.எஃப். பக்கத்தில் இருக்கும் ஊர்க்காரர்களுக்குச் சொல்லவா வேண்டும்! ரயில் ஜன்னலோரம் இருப்பதைப் போலச் சுவரில் மடக்கும் பலகை ஒன்று. சாப்பிட்டதும் மடக்கிவிடலாம்.

தண்ணீரையும் நினைவில் வையுங்கள்

வடசென்னையில் வீடு அலங்கரிப்பவர்கள் மழையைக் கணக்கில் எடுக்காமல் இருக்க முடியாது. 2015 வெள்ளமும், 2023 டிசம்பரில் வந்த மிக்ஜாம் புயலும் யாருக்கும் மறக்கவில்லை. அப்போது எண்ணூர் பக்கம் எண்ணெய் கலந்த தண்ணீர் வீட்டுக்குள்ளேயே புகுந்தது. தரைத்தளத்தில் இருப்பவர்கள் பார்ட்டிகிள் போர்டு, எம்.டி.எஃப். மேஜைகளைத் தவிர்ப்பது நல்லது. ஷோரூமில் பளபளக்கும்; கால் ஒருமுறை தண்ணீரில் ஊறினால் உப்பிவிடும், திரும்பப் பழைய நிலைக்கு வராது. தவணை முடியும் முன்பே மேஜை குப்பைக்குப் போகும் கொடுமை வேண்டாம்.

தேக்கு நல்லது, பட்ஜெட் இடிக்கிறதென்றால் ஐ.எஸ். 710 முத்திரை உள்ள நீர் தாங்கும் பிளைவுட். ராயபுரம், ஜார்ஜ் டவுன் பக்கம் பழைய வீடுகளில் பர்மா தேக்குக் கதவுகளும் தூண்களும் உண்டு. இடிக்கும்போது பழைய மரக் கடைகளுக்கு வரும் அந்தக் கதவு ஒன்றை இழைத்து, மேலே கண்ணாடி போட்டால் அழகான மேஜை தயார். வாங்கும் முன் தட்டிப் பாருங்கள்; பொத்தென்று சத்தம் வந்தால் உள்ளே கரையான் அரித்திருக்கலாம்.

திருவொற்றியூர், எண்ணூர் போலக் கடலோரத்தில் இருப்பவர்கள் வெறும் இரும்புக் கால்களைத் தவிருங்கள். உப்புக் காற்று சும்மா விடாது.

ஷிஃப்ட் வீட்டுக்கு ஒரு விளக்கு

மணலி, எண்ணூர் தொழிற்சாலைகளில் வேலை பார்ப்பவர்கள் வீட்டில் எல்லோரும் ஒரே நேரத்தில் சாப்பிடுவது ஞாயிற்றுக்கிழமைதான். இரண்டாம் ஷிஃப்ட் முடித்து இரவு 11 மணிக்கு வரும் அப்பா, தூங்குகிற பிள்ளைகளை எழுப்பாமல் இருட்டில் தட்டைத் தேடுகிறார். அவருக்காகவே மேஜைக்கு மேல் ஒரு தொங்கு விளக்கு போடுங்கள். பலகையிலிருந்து 30 முதல் 36 அங்குல உயரம் இருக்கட்டும். 2,700 கெல்வின் மஞ்சள் ஒளி பல்பு கண்ணை உறுத்தாது, சோறும் குழம்பும் பார்க்கவே பசியைத் தூண்டும். சுவிட்ச் மேஜைக்குப் பக்கத்திலேயே இருக்கட்டும். தனியாகச் சாப்பிடுகிறவருக்கும் 'உனக்காக எடுத்து வைத்திருக்கிறோம்' என்று சொல்கிற விளக்கு அது.

பக்கத்து ஊரே அலங்காரம்

* வடக்கே ஒன்றரை மணி நேரம் போனால் பழவேற்காடு. டச்சுக்காரர்களின் பழைய கல்லறையைப் பார்த்துவிட்டு, அங்கே பெண்கள் பின்னும் பனை ஓலைப் பெட்டிகளையும் தட்டுகளையும் வாங்கி வாருங்கள். பழக்கூடைக்கும் சூடான பாத்திரம் வைக்கவும் ஏற்றவை. பயன்படுத்திய பின் நன்றாகக் காய வையுங்கள், பூஞ்சை பிடிக்காது.

* மேஜை விரிப்புக்குக் கரூர் பருத்தித் துணி. கறை தெரியாத அடர் நிறமாக, இரண்டு செட். ஒன்று துவைக்க, ஒன்று விரிக்க.

* மாதவரம் தோட்டக்கலைப் பூங்காவைச் சுற்றிவந்தால் செடி ஆசை தானாக வரும். வெயில் வராத மூலைக்கு மணி பிளான்ட், ஸ்நேக் பிளான்ட் போதும். பாட்டிலில் வளர்த்தால் வாரம் ஒருமுறை தண்ணீரை மாற்றுங்கள். கொசுவுக்கு இடம் கொடுக்காதீர்கள்.

* பிள்ளைகள் சாப்பிட அடம்பிடிக்கிறார்களா? வண்ண மீன்களுக்குப் பேர்போன கொளத்தூர் பக்கத்தில்தான். பெஞ்சுக்கு எதிரே ஒரு சிறிய தொட்டி வைத்தால் செல்போன் இல்லாமலே நாலு வாய் கூடுதலாக இறங்கும்.

வாஷ் பேசினை மறக்காதீர்கள்

வெளிநாட்டு இன்டீரியர் படங்களில் இது இருக்காது. நாம் கையால் சாப்பிடுகிறவர்கள். மேஜையிலிருந்து நாலைந்து எட்டில் கை கழுவும் இடம் இருக்க வேண்டும். அதற்கு மேல் ஒரு கண்ணாடி மாட்டினால் மூலையும் பெரிதாகத் தெரியும். முழங்கால் வலியுள்ள பாட்டி, தாத்தாவுக்குக் கைப்பிடி வைத்த நாற்காலி ஒன்று, பேசினுக்குப் பக்கத்து இடமாகப் பார்த்துப் போடுங்கள். தரையில் உட்கார முடியாமல் தனியே கட்டிலில் தட்டை வைத்துச் சாப்பிட்டவர்கள் இனி எல்லோரோடும் உட்காரலாம்.

எல்லாம் போட்டாயிற்று. ஒரே ஒரு எதிரிதான் பாக்கி: இஸ்திரி துணி, கரன்ட் பில், ஸ்கூல் பை. இவை மேஜையில் குடியேறிவிட்டால் குடும்பம் மறுபடி டி.வி. முன்னால் போய்விடும். அவற்றுக்கு வாசல் பக்கம் ஓர் அலமாரி ஒதுக்குங்கள். காலியாக இருக்கும் மேஜைதான் ஆட்களைக் கூப்பிடும்.