புலி காணாப் பயணம்

குறிஞ்சித் திணையை இருபது ஆண்டுகளாக வகுப்பறையில் நடத்தி வருகிறோம். முதற்பொருள், கருப்பொருள், உரிப்பொருள் என்று கரும்பலகையில் கோடு கிழித்துப் பிரித்துக் காட்டுவதில் எமக்கு ஒரு பெருமிதமும் உண்டு. ஆமா என்றால் காட்டுப்பசு. வருடை என்றால் மலையாடு. முசு என்றால் குரங்கில் ஒரு வகை. பொருள் சொன்னால் மாணவர் எழுதிக்கொள்வர். தேர்வில் மதிப்பெண்ணும் பெறுவர். சிங்காநல்லூரிலிருந்து சில மணி நேரப் பயணத்தில் ஆனைமலை இருக்க, இவற்றுள் ஒன்றையேனும் யாம் நேரிற் கண்டதில்லை. அதை எவரும் கேட்டதில்லை, யாமும் சொன்னதில்லை.

சென்ற ஆண்டு தைத்திங்கள் விடுமுறையில், புலி பார்த்தே தீரவேண்டும் என்று எம் மகன் பிடிவாதம் பிடித்தான். தனி வண்டி, தனி வழிகாட்டி, புலி உறுதி என்று ஒருவர் வாக்களித்தார். அவர் கேட்ட தொகையைக் கொடுத்துக் குடும்பத்தோடு புறப்பட்டோம். பொள்ளாச்சி கடந்து, சேத்துமடைச் சோதனைச் சாவடியில் நெகிழிப் பைகளை ஒப்படைத்துவிட்டு, டாப்சிலிப் ஏறினோம்.

அவ்வூர்ப் பெயரே ஒரு வரலாறு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் வெட்டிய தேக்கு மரங்களை மலையுச்சியிலிருந்து கீழே சறுக்கி விட்ட இடம் அது. கப்பலுக்கும் இருப்புப்பாதைக்குமாக மொட்டையான அம்மலையில் தேக்கை மீண்டும் தழைக்கச் செய்தவர் ஹியூகோ உட் என்னும் ஆங்கிலேய வன அதிகாரி. சட்டைப் பையில் விதையும் கையில் ஊன்றுகோலுமாக நடந்து, கோலால் குழியிட்டு விதை ஊன்றுவாராம். 1933-இல் மறைந்த அவரது கல்லறை தேக்குகளின் நடுவிலேயே இருக்கிறது. தம்மைக் காண விரும்புவோர் சுற்றிலும் பார்க்கட்டும் என்னும் பொருள்பட அதில் பொறித்துள்ளனர். இக்காடு 1976-இல் சரணாலயமாயிற்று. அதன் சில பகுதிகள் 1989-இல் தேசியப் பூங்காவாயின. 2007-இல் புலிகள் காப்பகமாயிற்று.

எமக்கு வாய்த்த வழிகாட்டி மலசர் குடியினர், ஐம்பது வயதிருக்கும். "புலி எங்கேங்க?" என்று மகன் கேட்டதும் சிரித்தார். "நாம பாக்கோணும்னு நெனச்சாப் பத்தாதுங்க தம்பி. அதும் நெனைக்கோணும்."

கரியன் சோலையின் ஓரமாக நடந்தோம். ஓரிடத்தில் அவர் கையுயர்த்த, அசையாது நின்றோம். மூங்கிற் புதருக்கு அப்பால் கரும்பாறை என்று யாம் எண்ணியது தலை நிமிர்ந்தது. முழங்காலுக்குக் கீழே வெள்ளுறை அணிந்தாற் போன்ற கால்கள். முதுகில் மேடிட்ட திமில். "காட்டுமாடுங்க" என்றார் மெல்ல. ஆமா! ஒரே சொல்லில் யாம் கடந்து சென்ற விலங்கு, எம்மை ஒருமுறை பார்த்துவிட்டுத் தழையைக் கடிக்கத் தொடங்கியது. சற்று மேலே மரக்கிளையில் கரிய உடலும் பழுப்புத் தலையுமாக முசு. மருந்தென்று நம்பி மனிதர் இதனைக் கொன்று குவித்த காலமும் உண்டு. 1972-ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் அதனைக் குற்றமாக்கியது.

பின்னர் ஒரு நெடுமரத்தின் பொந்தைக் காட்டினார். பெரிய இருவாச்சியின் கூடு அது. பெண்பறவை உள்ளே புகுந்து, அலகு நீளும் இடைவெளி மட்டும் விட்டு வாயிலை அடைத்துக்கொள்ளும். முட்டையிட்டுக் குஞ்சு வளரும் வரை, ஆண்பறவை அத்திப்பழம் முதலியவற்றைக் கொணர்ந்து ஊட்டும்.

"அது திரும்பி வராவிட்டால்?" என்று எம் துணைவியார் கேட்டார்.

"ஆணை யாராச்சும் சுட்டுப்போட்டா, உள்ளிருக்கற தாயும் குஞ்சும் போச்சுங்கம்மா" என்றார் அவர்.

அதன்பின் நெடுநேரம் எவரும் பேசவில்லை.

எத்தனை வகுப்பு படித்தீர் என்று வினவினோம். "அஞ்சாவதுங்க சார். மிச்சமெல்லாம் எங்கப்பன் கூட்டிட்டுப் போயிக் காட்டுனது." எம் முதுகலைப் பட்டமும் ஆய்வியல் நிறைஞர் பட்டமும் அவ்விடத்தில் சற்றே தலைகுனிந்தன.

மாலையில் அவரும் எம்மோடு சேத்துமடைக்கு இறங்கினார். வளைவு ஒன்றில் பிடியானையும் கன்றும் சாலையில் நின்றன. புலி காட்டாத குறையை இதிலேனும் தீர்க்க எண்ணிய ஓட்டுநர் வண்டியை நெருக்கினார். மகன் "இன்னும் கிட்டப் போங்க" என்றான். யாமும் தடுக்கவில்லை, கொடுத்த பணம் எம் வாயை அடைத்திருந்தது. பிடியின் செவிகள் விரிந்தன. கன்றை வயிற்றின்கீழ் மறைத்துக்கொண்டு ஓரடி முன்வைத்தது. வழிகாட்டி ஓட்டுநரின் கையைப் பற்றினார். "பின்னால எடுங்க. இது அவங்க தடம்." வண்டி பின்வாங்கியது. கால்மணி நேரம் கழித்துத் தாயும் கன்றும் காட்டுக்குள் இறங்கின. பணம் கொடுத்தவர் யாம்; உயிர் காத்தவர் அவர். அன்று தவறு ஓட்டுநருடையது மட்டுமன்று என்பதை ஈண்டு ஒப்புக்கொள்ளக் கடமைப்பட்டுள்ளோம்.

விடைபெறுகையில், "புலியைக் காட்ட முடியலீங்க சார்" என்று அவர் வருந்தினார். என்ன மறுமொழி கூறுவதென்று தெரியாமல் அவர் கைகளைப் பற்றிக்கொண்டோம்.

அடுத்த ஞாயிறு காலை, "அத்தா, நம்ம குளத்துக்குப் போலாமா?" என்றான் மகன். நொய்யலால் நிறையும் சிங்காநல்லூர்க் குளத்தின் கரையைப் பேருந்திலிருந்தே பார்த்துக் கடந்தவர் யாம். அன்று நீர்க்காகங்கள் சிறகு உலர்த்துவதை ஒரு மணி நேரம் நின்று பார்த்தோம்.

இப்பொழுதும் குறிஞ்சியை நடத்துகிறோம். ஆமா என்ற சொல் வந்ததும் கரும்பலகையை விட்டு மாணவர் பக்கம் திரும்பி, அந்த வெண்ணிறக் கால்களிலிருந்து தொடங்குகிறோம்.