வளரியும் இருபது முகப் பகடையும்

போன ஞாயிற்றுக்கிழமை, ஓசூரில் வேலை பார்க்கும் என் பேரன் இரண்டு நண்பர்களோடு அஞ்செட்டிக்கு வந்திருந்தான். திண்ணையில் பாய் விரித்து 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' ஆடினார்கள். 1974-இல் அமெரிக்காவில் வந்த ஆட்டம். ஒருவன் கதை சொல்கிறான். மற்றவர்கள் தங்கள் வீரன் என்ன செய்கிறான் என்று சொல்லிப் பகடை உருட்டுகிறார்கள். பகடைக்கு இருபது முகம்!

நடுவில் தகராறு. பேரனுடைய வீரன் சிவகங்கைச் சீமைக்காரன், கையில் வளரி. ஓடுகிறவன் காலில் வீசி, விழவைத்து, உயிரோடு பிடிக்க வேண்டும். "புக்கில் வளரியே இல்லை, போலாஸ்தான் இருக்கு" என்றான் நண்பன்.

"தாத்தா, காலமெல்லாம் ரூல் புக்கோடயே இருந்தவர் நீங்க. நீங்களே சொல்லுங்க."

2003-ஆம் வருடப் பதிப்பை நீட்டினான். கண்ணாடியைப் போட்டுக்கொண்டேன். கையால் காலை வாரிவிடுவதற்கு ஒரு விதி: முதலில் எதிராளியைத் தொட்டால் போதும், கவசம் கணக்கில்லை. பிறகு நம் பலத்துக்கும், அவனுடைய பலம் அல்லது சுறுசுறுப்பு எது அதிகமோ அதற்கும் போட்டி. நாலு கால் பிராணிக்கு 4 புள்ளி சலுகை. தோற்றால் அவன் நம் காலை வாரலாம். போலாஸ் வீசினால் அந்தக் கடைசி ஆபத்து மட்டும் இல்லை, மற்றதெல்லாம் அதேதான்.

போலாஸ் எனக்குப் பழக்கம். பள்ளியில் பிரெஞ்சில் படித்த ஜூல் வெர்ன் கதையில் பாட்டகோனிய வழிகாட்டி தால்காவ் வைத்திருப்பான். கயிற்று நுனிகளில் குண்டுகள். சுழற்றி வீசினால் காலைச் சுற்றிக்கொள்ளும். டார்வின் தென் அமெரிக்காவில் குதிரையில் போய்க்கொண்டே வீசிப் பார்த்து, தன் குதிரையின் பின்னங்காலையே கட்டிவிட்டார். கூட இருந்த மாட்டுக்காரர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்களாம்.

இங்கேதான் விதி இடறுகிறது. குதிரையையும் மாட்டையும் பிடிக்கப் பயன்பட்ட கருவி அது. கால் அதிகமானால் கயிறு சிக்குவதும் அதிகம்தானே? அதற்குப் போய்ச் சலுகையா? பழைய ஆணையின் பத்தியைப் புதிய ஆணையில் அப்படியே ஒட்டியிருக்கிறார்கள். நானும் ஆபீசில் செய்திருக்கிறேன், அதனால் பார்த்ததும் தெரிந்தது.

வளரி வேறு ஜாதி. கயிறில்லை, வளைந்த கட்டை எலும்பில் அடிக்கிறது. கர்னல் ஜேம்ஸ் வெல்ஷ் 1830-இல் வெளியிட்ட புத்தகத்தில், சின்ன மருதுவிடம் வளரி வீசக் கற்றதாகவும், தேர்ந்த கை 100 கஜத்துக்குள் குறி தவறாது என்றும் எழுதியிருக்கிறார். அந்த மருதுவை 1801-இல் கம்பெனியார் தூக்கிலிட்டது நமக்குத் தெரியும். போலாசுக்குப் புத்தகம் தருவது 50 அடி. அதிலும் பத்தடிக்கொரு முறை குறி குறைகிறது. 100 கஜம் என்றால் 300 அடி!

ஆகவே என் தீர்ப்பு: வளரிக்குத் தூரம் கூடும். வீசுகிறவன் பலம் செல்லும். ஓடுகிறவனுக்குச் சுறுசுறுப்பு மட்டும். முதுகைக் காட்டி ஓடுகிறவனுக்குப் பலம் எதற்கு?

ஒரு விதியை மட்டும் என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. விழுந்தவன் எழுந்திருக்க ஆறு விநாடிச் சுற்றில் ஒரு நகர்வு போதுமாம். போன மழைக்காலத்தில் ஆட்டுக்கயிறு தடுக்கி வாசலில் விழுந்தேன். எழுப்ப இரண்டு பேர் வந்தார்கள், கால் மணி நேரம் ஆயிற்று. பேரனுக்கு இது தெரியாது. "ஏன் தாத்தா போன் பண்ணலை?" என்றான். நான் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நண்பர்கள் தீர்ப்பை ஏற்றார்கள். பேரன் பகடையை உருட்டினான். 3 விழுந்தது. ஓடியவன் தப்பித்துவிட்டான்.