இரண்டு மொழி பேசிய வெள்ளிக் காசு

மும்பை மாதுங்காவில் உள்ள கிங்ஸ் சர்க்கிள் பூங்காவின் அதிகாரப்பூர்வப் பெயர் மகேஷ்வரி உத்யான். அதைச் சுற்றிய நடைபாதையில் பழைய புத்தகக் கடைகள், சற்றுத் தள்ளிப் பூக்கடைகள், இட்லி மணக்கும் ஓட்டல்கள். கடைப் பலகைகளில் மராட்டியும் ஆங்கிலமும். இடையிடையே தமிழும் குஜராத்தியும் தலைகாட்டும். வாங்க வருகிறவருக்குப் புரிய வேண்டுமே!

மராட்டிய மண்ணில் இந்த ஏற்பாடு புதிதல்ல. ஏறக்குறைய 1,800 ஆண்டுகளுக்கு முன்பே சாதவாகன அரசர்கள் தங்கள் வெள்ளிக் காசுகளில் இரண்டு மொழிகளைப் பொறித்தார்கள்.

அப்படி ஒரு காசு கிடைத்த இடம் கிங்ஸ் சர்க்கிளிலிருந்து அதிகத் தொலைவில் இல்லை. தாதருக்குப் போய் விரார் வண்டி பிடித்தால் நாலாசோபாரா வந்துவிடும். பண்டைய துறைமுகமான சோபாரா இதுதான். 1882-ல் பகவான்லால் இந்திராஜி என்ற அறிஞர் இங்குள்ள பௌத்த ஸ்தூபியைத் தோண்டினார். பேழைகளோடு ஒரு வெள்ளிக் காசும் கிடைத்தது. அது கௌதமிபுத்திர யக்ஞ ஸ்ரீ சாதகர்ணி வெளியிட்டது.

காசின் ஒரு பக்கத்தில் அரசனின் தலை. அதைச் சுற்றியிருந்த பிராகிருத வாசகத்தைப் படிப்பதில் சிக்கல் இல்லை. திணறவைத்தது மறுபக்கம்தான். ‘சிரி’ இருக்க வேண்டிய இடத்தில் வேறொரு சொல் இருந்தது. பின்னர் வாசிஷ்டிபுத்திரன் என்ற பட்டம் கொண்ட அரசர்களின் காசுகள் ஆராயப்பட்டபோது முடிச்சு அவிழ்ந்தது. முன்பக்கம் ‘வாசிட்டிபுத’, பின்பக்கம் வாசிட்டி ‘மகன்’. முன்பக்கம் ‘சிரி’, பின்பக்கம் ‘திரு’. இது தமிழேதான் என்கிறார் இரா. நாகசாமி. திராவிட மொழியொன்றின் பழைய வடிவம் என்று பொதுவாகச் சொல்வோரும் உண்டு. தென்னாட்டு மொழி என்பதில் இந்த இரு தரப்புக்கும் வேறுபாடு இல்லை.

காசில் ஆண்டு இல்லாதபோது காலத்தைச் சொல்வது எழுத்தின் வடிவம். அசோகர் கால பிராமி எழுத்துகளில் கோடுகள் நேராக நிற்கும். கி.பி. 2-ம் நூற்றாண்டுக்குள் அவற்றின் தலை தடிக்கிறது. ‘க’, ‘ர’ ஆகியவற்றின் கால்கள் வளைகின்றன. உருண்டையாக இருந்த ‘ம’ கோணமாகிறது. தமிழுக்கே உரிய ‘ழ’, ‘ள’, ‘ற’, ‘ன’ வந்தால் மொழியும் தெரிந்துவிடும். 1980-களில் ‘தினமலர்’ ஆசிரியர் இரா. கிருஷ்ணமூர்த்தி கண்டெடுத்த சதுரச் செப்புக் காசில் ‘பெருவழுதி’ என்ற பெயரும் குதிரை உருவமும் உள்ளன. அது சங்ககாலப் பாண்டியன் காசு என்று உறுதி செய்ய அந்தப் பெயர் உதவியது.

ஆனால் எழுத்து நூற்றாண்டைத்தான் சொல்லும், ஆண்டைச் சொல்லாது. அதற்கு வேறு சாட்சி வேண்டும். நாசிக் அருகே ஜோகல்தெம்பியில் 1906-ல் 13,000-க்கும் அதிகமான நகபானன் காசுகள் ஒரே புதையலாகக் கிடைத்தன. ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கின் மீது கௌதமிபுத்திர சாதகர்ணி தன் முத்திரையைக் குத்தியிருந்தான். யாருக்குப் பின் யார் என்ற கேள்விக்கு அந்தக் குத்தே பதில்.

சோபாராப் பேழைகள் மும்பை ஆசியாட்டிக் சொசைட்டியின் பொறுப்பில் பத்திரமாக உள்ளன. எல்லாக் காசுகளுக்கும் அந்த அதிர்ஷ்டம் இல்லை. ஆற்று மணலில் கிடைப்பவை உருக்குகிறவர் கைக்குப் போகின்றன. பளபளப்புக்காக அமிலத்தில் ஊறுகின்றன. பச்சைக் களிம்போடு எழுத்தின் விளிம்பும் கரைந்துபோகிறது. கால் வளைந்த ‘க’வா, நேரான ‘க’வா என்பது பிறகு யாருக்கும் தெரியாது.

வீட்டு அஸ்திவாரத்திலோ வயலிலோ காசு அகப்பட்டால் தேய்க்கக் கூடாது. கிடைத்த இடத்தைக் குறித்துவைக்க வேண்டும். மதிப்பு பத்து ரூபாய்க்கு மேற்பட்ட புதையலைக் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது 1878-ம் ஆண்டுச் சட்டம். வெள்ளிக்கு விலை உண்டு. ஆனால் ‘மகன்’ என்ற மூன்றெழுத்து அழிந்தால், அதை எந்தக் கடையிலும் திரும்ப வாங்க முடியாது.